பிஎச்.டி. கைடுடன் முதல் சந்திப்பு: உங்களுக்கு எப்படி இருந்தது?

உயிரியல், எம்.எஸ்சி. கடைசிப் பருவம்

அடுத்து பிஎச்.டி.தான் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கே, யாரிடம் என்பதில்தான் குழப்பம். அறிவியல் புலங்களின் அறிவிப்புகளைப் படித்தால் எல்லா இடமும் ஒன்று போலத்தான் தெரிகிறது. நவீன ஆய்வகம், உதவித்தொகை, சர்வதேசத் தொடர்புகள் என்று ஒரே வார்த்தைகள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொன்னால்தான் வித்தியாசம் புரியும் என்று தோன்றுகிறது. அடுத்த மாதம் ஒரு பேராசிரியர் என்னுடன் பேச நேரம் கொடுத்திருக்கிறார். நீங்கள் உங்கள் கைடை முதன்முதலில் பார்த்துப் பேசியபோது என்ன நடந்தது? அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

வேதியியல், நான்காம் ஆண்டு ஆய்வாளர்

எங்கள் துறையில் சேரும்போதே கைடு முடிவாகிவிடுவதில்லை. முதல் ஆண்டில் சில ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்க்கலாம். ரொட்டேஷன் என்பார்கள். நான் மிகவும் ஆசைப்பட்டது ஒரு பெரிய லேப். அவர்களுடைய கட்டுரைகளைப் படித்துத்தான் கரிம வேதியியலையே விரும்ப ஆரம்பித்தேன். அந்தப் பேராசிரியர் அன்பாகத்தான் பேசினார், திட்டத்தை அழகாக விளக்கினார். "மாணவர்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பீர்கள்?" என்று கேட்டேன். "முடிவு கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்றார். அந்தப் பதில் என் மனதில் தங்கிவிட்டது. முடிவு கையில் இல்லாத மாதங்களில்தானே கைடு வேண்டும்?

இரண்டாவது லேபில் மேடம் என்னிடம் தனியாகப் பேசவே இல்லை. "முதலில் எங்கள் குழுக் கூட்டத்தில் வந்து உட்காருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார். அன்று ஒரு மாணவர், தன் வினை ஒரு வாரம் நன்றாக வருகிறது, மறுவாரம் கிடைக்கும் விளைபொருளின் அளவு பாதியாகிவிடுகிறது என்று காட்டினார். யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. கரைப்பானில் ஈரம் எவ்வளவு இருந்தது, புட்டி எப்போது திறக்கப்பட்டது, வினையூக்கி எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தது என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் மேடம் இன்னொரு மாணவியிடம், அதே வினையைத் தன் கரைப்பானில், தன் கையால் செய்து பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி வந்தால்தான் அந்த எண்ணை எழுதுவோம் என்றார்.

அந்தக் கூட்டம் முடிவதற்குள் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஒரு லேபில் சோதனை தோற்கும்போது எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுங்கள். பிஎச்.டி.யின் பெரும்பகுதி தோற்ற சோதனைகளோடுதான் கழியும். குழுக் கூட்டத்தில் உட்காரலாமா என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல லேப் என்றால் மறுக்க மாட்டார்கள்.

கோட்பாட்டு இயற்பியல், இரண்டாம் ஆண்டு

நான் படித்த கல்லூரியில் என் துறையில் ஆய்வு செய்பவர் யாரும் இல்லை. எம்.எஸ்சி. முடித்தபோது பாடம் தெரியும், ஆய்வு என்றால் என்னவென்று தெரியாது. எனக்கு வழி திறந்தது இத்தாலியில் ட்ரியெஸ்தே நகரில் இருக்கும் ஐசிடிபி (ICTP) என்ற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம். 1964-ல் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் தொடங்கியது அது. வளரும் நாடுகளின் மாணவர்களுக்காகவே ஓராண்டு முதுநிலை டிப்ளமா நடத்துகிறார்கள். பணம் கட்ட வேண்டாம், தங்கும் செலவும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பிஎச்.டி.க்கு நேராகப் போகும் அளவுக்குத் தயாரிப்பு இல்லை என்று நினைக்கும் இயற்பியல், கணித மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இப்போதைய கைடுடன் முதல் சந்திப்பு ஒரு கரும்பலகை முன்னால்தான் நடந்தது. "உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்" என்றார். ஸ்பிரிங்கில் கட்டிய எடை போல முன்னும் பின்னும் ஆடும் சீரிசை அலையியற்றியை எடுத்துக்கொண்டேன். எல்லாப் பாடநூலிலும் இருப்பதுதான். அவர் எழுந்து வந்து நிலையாற்றலோடு ஒரு சிறிய எண்ணால் பெருக்கிய நான்காம் அடுக்கு உறுப்பு ஒன்றைச் சேர்த்தார். "இப்போது ஆற்றலை அந்தச் சிறிய எண்ணின் தொடராக எழுதினால், தொடர் குவியுமா?" என்றார். கூட்டிக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட விடையை நெருங்குமா என்று அர்த்தம். திருத்தங்களைக் கணக்கிடத் தெரியும். குவியுமா என்று நான் யோசித்ததே இல்லை. தெரியாது என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவும் இல்லை, விடவும் இல்லை. "சரி, அந்த எண்ணின் குறியை மாற்று. துகளுக்கு என்ன ஆகும்?" குறி எதிராக இருந்தால், எவ்வளவு சிறிய எண்ணாக இருந்தாலும், தொலைவில் நிலையாற்றல் கீழே சரிந்துகொண்டே போகும். துகள் எங்கும் தங்காது. அப்போதுதான் பொறி தட்டியது. பூஜ்யத்துக்கு ஒரு பக்கம் நிலையான தரைநிலை, மறுபக்கம் அதுவே இல்லை. அப்படியானால் பூஜ்யத்தைச் சுற்றி எழுதும் தொடர் எப்படிக் குவியும்? குவியாது. ஆனாலும் அதன் முதல் சில உறுப்புகள் நல்ல விடையே தருகின்றன. ஏன் என்று பேசிக்கொண்டே வெகுநேரம் போய்விட்டது.

அவர் என் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. தெரியாத இடத்தில் நான் எப்படி நிற்கிறேன் என்று பார்த்தார். நானும் ஒன்று பார்த்துக்கொண்டேன்: எனக்குத் தெரியாதபோது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று. அவரிடம் சேர அது போதுமானதாக இருந்தது.

நுண்ணுயிரியல் பேராசிரியர்

மேசையின் மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன். சேர விரும்பும் மாணவர்களிடமிருந்து எனக்கு நிறைய மின்னஞ்சல்கள் வருகின்றன. பெரும்பாலானவற்றில் பெயரை மாற்றினால் வேறு யாருக்கும் அனுப்பலாம். நான் நின்று படிக்கும் கடிதம், எங்கள் வேலையைப் பற்றி ஒரே ஒரு உண்மையான கேள்வி இருக்கும் கடிதம். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: உங்கள் கட்டுரையில் இரண்டு படங்களில் ஒப்பிடுவதற்காக வைத்த ஒரே கட்டுப்பாட்டு நுண்ணுயிரின் வளர்ச்சிக் கோடு வேறு வேறாக இருக்கிறதே, வளர்ப்பூடகம் மாறியதா? மாறியதுதான். துணைக் கோப்பில் மூலையில் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தோம். அவள் மதிப்பெண் சான்றிதழைத் திறக்கும் முன்பே பேச அழைத்துவிட்டேன்.

இரண்டாவது, பணம். இதைக் கேட்க மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள்; மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அறிவியல் புலத்தில் ஆய்வு மாணவருக்கான பணம் வெவ்வேறு வழிகளில் வருகிறது: மாணவரே தேர்வு எழுதியோ விண்ணப்பித்தோ பெறும் ஃபெலோஷிப், பல்கலைக்கழகம் தருவது, இளநிலை மாணவர்களுக்குப் பாடமும் ஆய்வக வகுப்பும் எடுப்பதற்காகத் தருவது, கைடின் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து வருவது. கடைசி வகை என்றால் திட்டம் எப்போது முடிகிறது என்று கேட்டே ஆக வேண்டும். பிஎச்.டி. முடிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும்போது, திட்டத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டுதான் உயிர் இருக்கிறது என்றால், அதற்குப் பிறகு என்ன என்பதை இருவரும் முதல் நாளே பேசிவிட வேண்டும். திட்டம் முடியும் நிலையில் இருந்ததால் மிக நல்ல மாணவர் ஒருவரை என்னால் எடுக்க முடியாமல் போனது. இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களை ஆய்வகத்தில் பக்கத்திலிருந்து பார்த்த ஆசிரியரிடம் வாங்குங்கள். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு பொதுவான வரிகளைவிட, "இந்த மாணவர் ஒரு முறை முடிவு சந்தேகமாக இருந்ததும் தானாகவே மீண்டும் செய்தார்" என்ற ஒரு வரி எனக்கு அதிகம் சொல்லும்.

கணிதம், ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்

எங்களுக்கு லேப் இல்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். போவதற்கு முன்னால் அந்தக் கைடின் பழைய மாணவர்களுடைய ஆய்வேடுகளை எடுத்து நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். கைடைப் பற்றிக் கடமைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்களா, குறிப்பாக ஏதாவது நினைவுகூர்ந்திருக்கிறார்களா என்பது தெரியும். அப்படியே கட்டுரைகளையும் பாருங்கள். கணிதம், இயற்பியல் என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்தில் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் தனியாகவும் கட்டுரை எழுதுகிறார்களா, முடித்தபிறகு ஆய்வைத் தொடர்கிறார்களா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

உயிர்வேதியியல், லேப் மாறியவர்

நான் எழுதுவது கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் முதல் கைடுடனான சந்திப்பு மிகவும் இனிமையாக இருந்தது. உடனே சேர்ந்துவிடுங்கள், நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி என்றார். லேபைச் சுற்றிக் காட்டினார், மாணவர்களை அறிமுகம் செய்தார். அவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. அவரில்லாமல் அவர்களோடு பேச எனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கக் காரணமே இல்லை.

மூன்றாம் ஆண்டில் நான் செய்துகொண்டிருந்த வேலை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டது. நான் தூய்மைப்படுத்திய புரதத்தில் எடுத்த அளவீடுகள், என் பெயர் இல்லாத கட்டுரை வரைவில் இருந்தன. என்னைக் காப்பாற்றியது, மாணவரின் ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆய்வுக் குழுவில் இருந்த வேறு துறைப் பேராசிரியர் ஒருவர். நான் தேதி போட்டு எழுதி வைத்திருந்த ஆய்வக நோட்டைக் கொண்டு வரச் சொன்னார், பக்கம் பக்கமாகப் பார்த்தார், துறைத் தலைவரிடம் பேசினார். லேப் மாறினேன். பழைய வேலையை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆனாலும் இப்போது காலையில் லேபுக்குப் போக மனம் வருகிறது.

தங்கச்சி, உனக்கு நான் சொல்வது இதுதான். அங்கே இருக்கும் மாணவர்களிடம், கைடு பக்கத்தில் இல்லாதபோது பேசு. கைடு நல்லவரா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "கடைசியாக இங்கே யாருக்காவது உடம்பு முடியாமல் போனபோது என்ன நடந்தது?" "கட்டுரையில் பெயர் வரிசையை யார், எப்போது முடிவு செய்கிறார்கள்?" என்று நடந்ததைக் கேள். பதில் சொல்வதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அதுவும் பதில்தான். ஆய்வுக் குழுவில் வெளியாள் ஒருவராவது இருக்கிறாரா என்றும் விசாரி.

வானியற்பியல், முதுமுனைவர் ஆய்வாளர்

இதைப் படித்துவிட்டு இளநிலை மாணவர் ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். கைடு தரும் வேலை முழுக்கக் கருவி கட்டும் வேலையாக இருக்கிறதாம், அது ஆய்வில் சேருமா என்ற கவலை. அவருக்காக இங்கேயே எழுதுகிறேன்.

ஜோசலின் பெல் (பின்னாளில் பெல் பர்னெல்) கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. மாணவியாகச் சேர்ந்தது 1965-ல். முதல் இரண்டு ஆண்டுகள் அவர் செய்தது, மற்றவர்களோடு சேர்ந்து நாலரை ஏக்கர் வயலில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ரேடியோ தொலைநோக்கி கட்டியதுதான். 1967-ல் அது இயங்கத் தொடங்கியதும் நாளுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் வரைபடத் தாள் வந்தது. அவர்தான் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார். அதில் சின்னதாக ஒரு கிறுக்கல். குறுக்கீடு என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் கேபிள் சரியாக இணைக்கப்படாவிட்டால் தாளில் எப்படித் தெரியும், வெளிக் குறுக்கீடு எப்படித் தெரியும் என்று கருவியைக் கட்டியவருக்குத்தான் கைவரும். இது இரண்டும் இல்லை என்று அவர் விடாமல் தொடர்ந்தார். 1.3 நொடிக்கு ஒரு துடிப்பு. சீராக ரேடியோ துடிப்பு வரும் விண்மீனான பல்சர் முதன்முதலில் அப்படித்தான் கிடைத்தது.

1974-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு அவருடைய கைடு ஆண்டனி ஹ்யூவிஷுக்குப் போனது. மார்ட்டின் ரைலும் அந்த ஆண்டு பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாணவியின் பெயர் இல்லை. மேலே எழுதிய தோழியின் அனுபவத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. 2018-ல் பெல் பர்னெலுக்கு 30 லட்சம் டாலர் சிறப்பு பிரேக்த்ரூ பரிசு கிடைத்தது. ஒரு காசுகூட வைத்துக்கொள்ளாமல், இயற்பியலில் வாய்ப்பு குறைவாகக் கிடைக்கும் பிரிவினரிலிருந்து வரும் பிஎச்.டி. மாணவர்களுக்கான உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அந்த நிதி இன்று வழங்கப்படுகிறது. தம்பி, கருவி கட்டு. உன் தரவில் எது உண்மை, எது பிழை என்று உன்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

புவி அறிவியல், முதுநிலை

பிஎச்.டி.க்கு முன்பே வேறு லேப்களைப் பார்க்க ஒரு வழி: ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும், உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1400 யூரோ. நான் இரண்டாம் ஆண்டில் ஆய்வுத் திட்டம் செய்த இடத்தின் பேராசிரியர்தான் இப்போது என் கைடு ஆகப்போகிறவர். ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்தபிறகு நேர்காணலில் கேட்க எங்களுக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

உயிரியல், எம்.எஸ்சி. கடைசிப் பருவம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. குழுக் கூட்டத்தில் உட்காரலாமா என்று கேட்டு இன்றே எழுதிவிட்டேன். நுண்ணுயிரியல் மேடம், ஒரே ஒரு சந்தேகம். கட்டுரையில் பெயர் போடுவது பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

நுண்ணுயிரியல் பேராசிரியர்

எனக்கு என்ன கிடைக்கும் என்கிற தொனியில் கேட்காமல், உங்கள் குழுவில் இதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று பொதுவாகக் கேளுங்கள் அம்மா. வழக்கம் ஒன்று இருக்கும் லேபில் உடனே விளக்கிவிடுவார்கள். அப்புறம், உங்கள் முதுநிலைத் திட்டத்திலிருந்து ஒரு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். நன்றாக வந்த படம்தான் வேண்டும் என்றில்லை. இன்னும் உங்களுக்கே புரியாத ஒரு புள்ளி அதில் இருந்தால் அதையே எடுத்துப் போங்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.