டர்போ போனால் புதுசு வாங்க முதல் ஒயில் குழாயைப் பாருங்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து:

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு நோவா வான். 2.2 லீற்றர் டர்போ டீசல். டர்போ என்றால் எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற சாமான். ஹயர் ஓடித்தான் வீட்டுச் செலவு போகிறது. போன வைகாசியில் யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது, பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறினோம். தருமபுரம் தாண்ட விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. விசுவமடு வருவதற்குள் அது சைரன் ஆகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே நீலப்புகை. ஏற்றி வந்த சனத்தை வேறு வானில் அனுப்பிவிட்டு, எங்கள் வானைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒயில் வழிந்து கிடந்தது. டர்போவின் அச்சைப் பிடித்து ஆட்டினால் அதன் சில்லு டர்போவின் வெளி ஓட்டில் முட்டுகிறது. "டர்போ போட்டுது, வேற போடுவம்" என்றார். பாவித்த டர்போ ஒன்று 52,000 ரூபாய், கூலி 9,000. போட்டோம். வான் பழையபடி பறந்தது.

மூன்று கிழமை கூட இல்லை, அதே விசில். அந்த இரவு நித்திரை வரவில்லை. பிள்ளைகளின் ரியூசன் காசு வரைக்கும் எடுத்துத்தான் முதல் டர்போவைப் போட்டிருந்தேன்.

இந்த முறை கிளிநொச்சியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டவைத்த கைகள் அவருடையவை. அவர் டர்போவைத் தொடவே இல்லை. எஞ்சினிலிருந்து டர்போவுக்கு ஒயில் போகிற சின்ன இரும்புக் குழாயைக் கழற்றி ஊதிப்பார்த்தார். காற்றே போகவில்லை. உள்ளே கரி இறுகி, ஊசி நுழைகிற அளவுக்குத்தான் துளை. டர்போ அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். ஒயில் வராவிட்டால் புது டர்போ என்றாலும் இதே கதிதான்.

அவர் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்குகிற சம்பைக் கழற்றி ஒயில் உறிஞ்சும் வலையைக் கழுவினார். குழாயைப் புதிதாக மாற்றினார். முழு டர்போவும் வாங்கச் சொல்லவில்லை. வெளி ஓடு நல்லபடி இருந்ததால் நடுவில் அச்சும் சில்லும் இருக்கிற பகுதியை, கோர் என்பார்கள், அதை மட்டும் மாற்றினார். பூட்டும்போது ஒயில் துளைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு அச்சைக் கையால் சுற்றிவிட்டுத்தான் குழாயை இறுக்கினார். கோர் 41,000, குழாய் 6,500, ஒயிலும் பில்டரும் 14,500, கூலி 12,000. முதல் செலவோடு சேர்த்தால் 1,35,000 ரூபாய். இதில் 61,000 வீணாகப் போன காசு. முதல் கராஜில் அந்தக் குழாயை ஒருக்கால் ஊதிப் பார்த்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

மாங்குளத்திலிருந்து:

அண்ணை, நீலப்புகை வந்ததும் நீங்கள் நிறுத்தினது பெரிய காரியம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய டீசல் பிக்கப். ஒட்டுசுட்டான் பக்கம் வரும்போது எஞ்சின் தன்பாட்டில் உறுமத் தொடங்கியது. சாவியைத் திருப்பினேன், நிற்கவில்லை. டர்போவின் சீல் உடைந்து எஞ்சின் தன் ஒயிலையே குடித்து ஓடுகிறது என்று பிறகுதான் தெரியும். அந்த நேரம் ஐந்தாம் கியரைப் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளச்சை விட்டேன். குலுங்கி நின்றது. ஓட்டோ கியர் என்றால் இது சரிவராது. காற்று உள்ளே போகிற வாயைப் பலகையோ தடித்த கட்டையோ வைத்து அடைக்க வேண்டும். கையை வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. எஞ்சின் உறிஞ்சுகிற வேகத்துக்குக் கை தாங்காது.

வவுனியாவிலிருந்து:

எனக்கு டர்போ மாற்ற ஒரு இலட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். இழுவை இல்லை, விசில் சத்தம், ஆனால் புகை கறுப்பு. கடைசியில் பார்த்தால் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் போகிற ரப்பர் குழாய் வெடித்திருந்தது. குழாயும் கிளிப்பும் 4,800 ரூபாய். நீலம் என்றால் ஒயில் எரிகிறது, கறுப்பு என்றால் டீசலுக்குக் காற்றுப் போதவில்லை. காசு எண்ணிக் கொடுக்க முதல் புகையின் நிறத்தைப் பாருங்கள்.

துணுக்காயிலிருந்து:

ஏர் பில்டரையும் சொல்லுங்கோ. எங்கள் பக்கம் இன்னும் கிரவல் ரோட்டுத்தான். கோடையில் முன்னால் ஒரு டிப்பர் போனால் கண் தெரியாது. என் வானில் கடதாசிப் பில்டரைக் காற்றடித்து அடித்துப் பாவித்ததில் ஒரு மடிப்புக் கிழிந்திருந்தது, கவனிக்கவில்லை. அந்தக் கிழிசலால் போன மண் டர்போவின் சில்லுச் செட்டைகளை அரம் போட்டதுபோலத் தேய்த்துவிட்டது. கோடை தொடங்கி மழைகாலம் வரைக்கும் இப்போது இரண்டு பில்டர் மாற்றுகிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

விற்றுவிட்டு வேறு எடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: 2020இல் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் ரூபாய் விழுந்தது. 2025இல் திறந்துவிட்ட பிறகும் வருகிற வாகனங்களின் விலை என்னைப்போன்ற ஆளுக்கு எட்டாது. இந்த வான்தான் என் தொழில்.

ஒயில் குழாயில் கரி ஏன் இறுகியது என்று அந்தக் கிளிநொச்சி மெக்கானிக்கிடம் கேட்டேன். ஏ9 வீதியில் ஓடிவந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்புவீரோ என்று கேட்டார். ஓம், எத்தனையோ வருடமாக அப்படித்தான். டர்போ கொதித்துக்கொண்டிருக்க ஒயில் ஓட்டம் நின்றுவிடுகிறது, நிற்கிற ஒயில் வெந்து கரியாகிறது என்றார். இப்போது பிள்ளையாரடியில் சனம் இறங்கித் தேங்காய் எடுக்க, நான் எஞ்சினை இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகுதான் இறங்குகிறேன். கச்சான் வாங்குவது அதற்குப் பிறகு. ஒயிலையும் 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் தவறாமல் மாற்றுகிறேன்.

கோர் போட்டு 9,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. போன ஞாயிறு காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் அச்சை முன்பின்னாக இழுத்துப் பார்த்தேன். அசைவு இல்லை, ஒயில் கசிவும் இல்லை.