முந்திரித் தோப்பில் கிடைத்த பச்சோந்தி: வளர்ப்பதா, விடுவதா?

கொத்தமங்கலத்தான் (சனி, மாலை 6.10)

எட்டாவது படிக்கும் என் மகன் ஒன்பது நாளைக்கு முன்னால் எங்கள் ஊர் முந்திரித் தோப்பிலிருந்து ஒரு பச்சோந்தியைக் கொண்டுவந்தான். ஓணான் இல்லை. கண் இரண்டும் தனித்தனியாகச் சுற்றுகிறது, வால் சுருள்கிறது, நிஜப் பச்சோந்தியேதான். பழைய மீன் தொட்டியில் மணல் போட்டு, ஒரு குச்சி நட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோம். வந்த அன்று ஒரு வெட்டுக்கிளி சாப்பிட்டது. அப்புறம் எதையும் தொடவில்லை. இப்போது உடம்பெல்லாம் கருத்துக் கிடக்கிறது, கண் குழிந்திருக்கிறது. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். எப்படியாவது பிழைக்கவைக்க வேண்டும். என்ன தீனி கொடுக்கலாம்?

ஊருணிக்கரை (சனி, மாலை 6.45)

தீனியைத் தேடாதீர்கள் அண்ணே, அதைத் தோப்பில் சேர்க்கிற வழியைப் பாருங்கள். நம் ஊர்ப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பையன் ஆசையில் செய்துவிட்டான், அவனைத் திட்டாதீர்கள். வனத்துறைக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். எந்த மரத்தில் எடுத்தானோ அந்த மரத்துக்கே அது போக வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் ஊர் இனமோ வெளிநாட்டு இனமோ, பச்சோந்தியைக் கூண்டில் வைப்பதே தப்பு. நாய், பூனை போல மனிதரோடு பழகி வந்த உயிர் இல்லை அது. தூக்கினால் பயப்படும், தடவினால் பயப்படும். அதற்கு நம்மால் ஒரு சந்தோஷமும் கிடையாது.

வளவுவாசி (சனி, இரவு 8.20)

ஊருணிக்கரை ஆச்சி சொன்னதில் முதல் பாதிக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாம் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். காரைக்குடியில் வெளிநாட்டு இனமான ஏமன் பச்சோந்தி ஒன்றை வளர்க்கிறேன். கூண்டிலேயே பிறந்தது, ஆண், நான்கு வயது. அதே சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு வந்த 2024 விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்திருக்கிறேன்.

முதலில் கொத்தமங்கலத்து அண்ணனுக்கு. கண் குழிந்திருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கிண்ணத்துத் தண்ணீர் பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் உருண்டு நிற்கும் சொட்டைத்தான் நாக்கால் எடுக்கும். இப்போதே தொட்டியிலிருந்து எடுத்து, செம்பருத்திச் செடி ஏதாவது இருந்தால் அதில் ஏற்றிவிட்டு, மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ விடுங்கள். வாயைத் திறந்து ஊற்றிவிடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். பார்க்காத நேரத்தில்தான் குடிக்கும்.

கண்ணாடித் தொட்டி பச்சோந்திக்கு ஆகவே ஆகாது. தன் பிம்பத்தையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்து நாள் முழுக்க மிரண்டு கிடக்கும். காற்றும் ஓடாது. வெயிலில் வைத்தாலும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்க வேண்டிய புறஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. கருத்துக் கிடக்கிறது என்கிறீர்களே, அது மணலின் நிறத்துக்கு மாறியது இல்லை. பயம், குளிர், சண்டை, துணை தேடுவது, இவற்றுக்குத்தான் அதன் நிறம் மாறும். தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் மடகாஸ்கர் இனம் ஒன்றில் காட்டினார்கள். உங்கள் பச்சோந்தி பயத்தில் கருத்திருக்கிறது.

குச்சியை இறுக்கிப் பிடிக்கிறதா? பகலில் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் காலையில் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு தோப்பில் விடலாம். பகலிலேயே கண்ணை மூடிக் கிடந்தால் அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள், மருத்துவம் வேண்டியிருக்கும்.

பழைய தேவகோட்டை (சனி, இரவு 9.05)

எனக்கு வயது 74. எங்கள் அப்பச்சி மலாயாவிலிருந்து திரும்பிய வருஷம், பின்கட்டில் இருந்த பவளமல்லி மரத்தில் ஒரு பச்சோந்தி வைத்திருந்தோம். கூண்டும் இல்லை, விளக்கும் இல்லை. இரண்டு மாதம் கொழுகொழுவென்று இருந்தது. ஒருநாள் காணோம். இவ்வளவு சட்டமும் வைத்தியமும் எதற்கு என்று கேட்கிறேன்.

வளவுவாசி (சனி, இரவு 9.30)

ஐயா, அந்த மரத்தில் வெயில் இருந்தது, விடிகாலைப் பனித்துளி இருந்தது, பூவுக்கு வரும் பூச்சி இருந்தது, பிடிக்காவிட்டால் போய்விட வழியும் இருந்தது. நீங்கள் அதை வைத்திருக்கவில்லை, அது உங்கள் வீட்டில் தங்கியிருந்தது. நான் கூண்டுக்குள் பணம் செலவழித்துச் செய்வதெல்லாம் அந்தப் பவளமல்லி மரத்தைத்தான்.

ஊருணிக்கரை (சனி, இரவு 10.15)

தம்பி, அந்த மரத்தைக் கூண்டுக்குள் செய்ய முடியும் என்று நம்புகிறீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். சித்திரையில் நம் பக்கம் 40 டிகிரியை எட்டுகிறது. ராத்திரியும் புழுங்குகிறது. அது தப்பி ஓடினால்? இதே ஏமன் பச்சோந்தி புளோரிடாவிலும் ஹவாயிலும் வீடுகளிலிருந்து வெளியே போய்க் காட்டில் பெருகியிருக்கிறது. நம் முந்திரித் தோப்பில் அப்படி ஒன்று நடந்தால் நம் இனம் என்ன ஆகும்?

வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே யாரும் ஒரு நாரையைக் கூண்டில் அடைத்து அன்பு காட்டவில்லை. இருக்கும் இடத்தில் இருக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியது அந்தப் பழக்கம். நீங்கள் ஒரு படம் போட்டால் பத்துப் பிள்ளைகள் கடையில் போய்க் கேட்பார்கள்.

வளவுவாசி (சனி, இரவு 11.40)

வெயில் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. கார்த்திகை, மார்கழியில் காலை எட்டு மணிக்கு மேல் கூண்டை வளவு முற்றத்தில் வைத்தால் போதும், பாதியில் நிழல் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அது நடக்காது. இரண்டாங்கட்டு அறையில் ஏசி போட்டுத்தான் வைக்கிறேன். வெயில் காயும் கொப்பில் 29-லிருந்து 32 டிகிரி இருக்க வேண்டும், இரவில் நன்றாகக் குறைய வேண்டும். நாலு பக்கமும் வலையடித்த கூண்டு, இரண்டடிக்கு இரண்டடி, உயரம் நாலடி. புறஊதா பி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் தேய்ந்துவிடும், அதனால் வருஷத்துக்கொரு முறை மாற்றுகிறேன். சில்வண்டுக்கு முதல் நாளே முருங்கைக்கீரை தின்னக் கொடுத்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் போடுகிறேன். வைட்டமின் டி3 மாதத்துக்கு இரண்டு முறைதான், கூடினாலும் கெடுதல். எச்சத்தோடு வரும் உப்பு வெள்ளையாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். ஆரஞ்சு நிறம் ஏறினால் தண்ணீர் போதவில்லை. கூண்டுக்குப் பூட்டு உண்டு. தப்பினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் கற்றது ஒரு உயிரைப் பறிகொடுத்துத்தான். முதலில் வாங்கியது பெண். ஆண் துணையே இல்லாமலும் அது முட்டை வைக்கும் என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்ட நேரமெல்லாம் தீனி போட்டேன். தீனி கூடினால் முட்டையும் கூடும் என்பது தெரியாது. வயிறு உப்பியதைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுகிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம் மூன்று நாள் கூண்டின் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. குழி பறிக்க ஓரடி ஆழத்துக்கு ஈர மணல் வேண்டும். நான் வைத்திருந்தது வெறும் தட்டு. முட்டை வெளியே வராமல் வயிற்றிலேயே தங்கி, ஐந்தாம் நாள் இறந்துபோனது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்றுகூட அதுவரை நான் விசாரித்து வைத்திருக்கவில்லை.

ஊருணிக்கரை (ஞாயிறு, காலை 5.50)

படித்துவிட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. நீங்கள் கவனமானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கவனம் வருவதற்கு ஒரு பெண் பச்சோந்தி சாக வேண்டியிருந்தது. அடுத்து வாங்குகிறவருக்கும் அப்படித்தான் கவனம் வரும். இதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

வளவுவாசி (ஞாயிறு, காலை 6.30)

அடுத்தவர் அப்படிக் கற்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன் ஆச்சி. புதிதாக ஆசைப்படுகிறவர்களிடம் ஆறு மாதம் கூண்டை மட்டும் வைத்து, வெப்பமும் ஈரமும் நிற்கிறதா என்று பாருங்கள் என்கிறேன். பாதிப்பேர் அதிலேயே விட்டுவிடுகிறார்கள். இருக்கிற உயிரை நன்றாக வைத்திருக்க யாராவது சொல்லித்தரத்தானே வேண்டும்?

கொத்தமங்கலத்தான் (ஞாயிறு, பகல் 12.20)

ராத்திரி செம்பருத்தியில் ஏற்றிச் சொட்டுத் தண்ணீர் விட்டோம். கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது கால் மணி நேரம் விடாமல் குடித்தது. காலையில் கண் திறந்திருந்தது, பிடியும் இறுக்கமாக இருந்தது. வனத்துறைக்காரர் ஒருவர் வந்தார், பையனைத் திட்டவில்லை. அவரோடு போய்க் கிணற்றடி முந்திரி மரத்திலேயே விட்டோம். அரை மணி நேரம் அசையவில்லை. வெயில் ஏற ஏறக் கருப்பு விலகிப் பச்சை வந்தது. அப்புறம் இலைக்குள் போனது, எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பையன் வழியெல்லாம் அழுதான். வீட்டுக்கு வந்ததும், தோப்புக் குத்தகைக்காரரிடம் எந்த மாசம் மருந்து அடிப்பீர்கள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னான். அந்தப் பூச்சியைத்தானே அது தின்னும் என்கிறான். சாயங்காலம் அவரைப் பார்க்கப் போகிறேன். அந்த ஒரு மரத்தையாவது விட்டுவைப்பாரா என்று கேட்க வேண்டும்.