‘ண’ எழுத்தின் கால் உடலில் படியும் இடத்தில் வெள்ளைத் திட்டு: கூட்டுப் பாதையைப் பிரிக்காமல் திருத்துவது எப்படி?

கேள்வி

வணக்கம். கடைப் பெயர்ப்பலகை ஒன்றுக்காக ‘ண’ எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து வருகிறேன். சுழிகளோடு கூடிய உடல், வலப்பக்கத்துச் செங்குத்துக் கால், தொடக்கச் சுழியின் துளைக்கான சிறு வட்டம் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்து, ஒரே கூட்டுப் பாதையாக இணைக்கும் ‘கம்பைன்’ கட்டளையைக் கொடுத்தேன். துளை சரியாக வந்தது. ஆனால் கால் உடலின்மேல் படியும் இடத்திலும் வெள்ளைத் திட்டு விழுகிறது. அதைத் திரும்பப் பிரிக்கும் ‘பிரேக் அபார்ட்’ கொடுத்தால் துளை அடைபட்டுவிடுகிறது. பிரிக்காமலே காலை மட்டும் நகர்த்தவும் திட்டை நீக்கவும் வழி உண்டா?

மறுமொழி 1

பிரிக்க வேண்டியதில்லை. பாதையின் புள்ளிகளைத் திருத்தும் நோட் கருவியால் காலில் ஏதேனும் ஒரு புள்ளியைச் சொடுக்கி, கண்ட்ரோல் + ஏ அழுத்தினால், அந்த உட்பாதையின் (கூட்டுப் பாதைக்குள் இருக்கும் அந்தத் தனி வடிவத்தின்) புள்ளிகள் மட்டும் தேர்வாகும். பிறகு அம்புக்குறி விசைகளால் நகர்த்தலாம்.

திட்டுக்குக் காரணம் நிரப்பு விதி, அதாவது பாதையின் எந்தப் பகுதியில் நிறம் நிரப்புவது என்று முடிவுசெய்யும் விதி. ‘ஈவன்-ஆட்’ விதி, ஓர் இடத்திலிருந்து வெளியே செல்லும் கோடு எத்தனை எல்லைகளைக் கடக்கிறது என்று மட்டுமே எண்ணும். இரட்டைப்படையானால் அவ்விடம் வெறுமையாகும். உங்கள் துளையும் திட்டும் அதற்கு ஒன்றுதான். ‘நான்-ஸீரோ’ விதியோ பாதை வரையப்பட்ட திசையையும் பார்த்து, ஒரு திசைக்கு +1, எதிர்த்திசைக்கு −1 என்று கூட்டும்; விடை பூச்சியமானால் மட்டுமே அவ்விடம் வெறுமையாகும்: ஒரே திசையில் செல்லும் இரு வடிவங்கள் படிந்தால் 1 + 1 = 2, ஆகவே நிறம் நிற்கும்; எதிர்த்திசையானால் 1 − 1 = 0, ஆகவே துளை விழும். ‘ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்’ பலகத்தின் ‘ஃபில்’ பகுதியில் உள்ள இரு சிறு பொத்தான்களால் விதியை ‘நான்-ஸீரோ’வுக்கு மாற்றலாம். உடலும் காலும் ஒரே திசையிலும், துளை வட்டம் அதற்கு எதிராகவும் இருக்க வேண்டும். திசை பொருந்தாத உட்பாதையின் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + ஆர் அழுத்துங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே. ஆனால் பலகை வினைல் வெட்டுப்பொறிக்குப் போகுமானால் அது போதாது. வெட்டும் கத்தி நிறத்தைப் பார்ப்பதில்லை, எல்லைக்கோட்டைத்தான் பின்தொடரும். திரையில் முழுமையாகத் தெரியும் எழுத்தின் நடுவே காலின் விளிம்பையும் அது அறுத்துவிடும். (ஒரு முழுச் சுருளை இப்படி வீணாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.) நிரப்பு விதியைச் சரிசெய்த பின், படி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, படிந்த வடிவங்களை ஒன்றாக்கி உள்ளே கிடக்கும் கோடுகளை நீக்கும் ‘யூனியன்’ கட்டளையை அசலுக்குக் கொடுங்கள். தனியொரு பாதைக்கும் அது வேலை செய்யும். விதியை மாற்றாமல் கொடுத்தால் திட்டு நிரந்தரத் துளையாகிவிடும்.

மறுமொழி 3

இங்க்ஸ்கேப்புக்குப் பதில் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருள் வைத்திருப்போருக்கு: விதியும் திசை மாற்றும் பொத்தான்களும் ‘ஆட்ரிபியூட்ஸ்’ பலகத்தில் உள்ளன.

கேள்வி கேட்டவர்

விதியை மாற்றியும் முதலில் திட்டு போகவில்லை. நோட் கருவியின் விருப்பங்களில் பாதையின் திசையைக் காட்டச் செய்து பார்த்தபோது, காலின் அம்புகள் உடலுக்கு எதிராக ஓடுவது தெரிந்தது. ஷிஃப்ட் + ஆர் கொடுத்தவுடன் திட்டு மூடிக்கொண்டது, சுழியின் துளை அப்படியே நிற்கிறது. யூனியனுக்குப் பின் எல்லைக்கோட்டுக் காட்சியிலும் குறுக்குக் கோடு இல்லை. நன்றி.