‘லை’, ‘லே’ என்னும் ஆங்கில வினைகளைப் பிரித்தறிவது எவ்வாறு?

உவர்மலை வாசகி (கேள்வி):
என் மகள் இவ்வாண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். ஆங்கிலப் பயிற்சித் தாள்களில் ‘லை’, ‘லே’ என்னும் இரண்டு வினைகளும் வரும்போதெல்லாம் அவள் ஊகித்தே விடை எழுதுகிறாள். ஒன்றுக்குப் ‘படு, கிட’ என்றும் மற்றையதற்கு ‘வை, கிடத்து’ என்றும் அகராதி பொருள் தருகிறது. அந்த மட்டில் விளங்குகிறது. ஆனால் ‘நேற்று அவன் பாயில் படுத்திருந்தான்’ என்பதற்கு விடையாக ‘ஹி லே ஆன் த மேட்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டதும், அப்படியானால் ‘லே’ என்பதற்குப் படுத்தல் என்றும் பொருளுண்டா என்று கேட்கிறாள். இவ்விரண்டையும் பொருளால் பிரிப்பதா, காலத்தால் பிரிப்பதா? அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சகோதரி, பிள்ளையின் கேள்வி மிகவும் சரியானது. படுத்தலைக் குறிக்கும் ‘லை’ இறந்தகாலத்தில் ‘லே’ என்று மாறும். ‘ஹேவ்’, ‘ஹேட்’ ஆகியவற்றோடு சேரும் மூன்றாம் வடிவத்தில் ‘லெய்ன்’ ஆகும். வைத்தலைக் குறிக்கும் ‘லே’ இவ்விரு இடங்களிலும் ‘லெய்ட்’ என்றே வரும். ஆகவே முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாம் வினையின் நிகழ்காலமும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிவிடுகின்றன. குழப்பம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

வேறுபாட்டின் அடிப்படையை நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்திலேயே படித்திருக்கிறார்கள். ஏறு, ஏற்று, திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு என்று தன்வினையையும் பிறவினையையும் மெல்லெழுத்து வல்லெழுத்தாவதாலோ ஒற்று இரட்டிப்பதாலோ பிரிக்கிறோம் அல்லவா? பழைய ஆங்கிலத்தில் உயிரொலியை மாற்றி இதே வேலையைச் செய்தார்கள். ‘லை’யிலிருந்து ‘லே’யும், விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’ என்பதிலிருந்து மரத்தை வெட்டி வீழ்த்துவதைக் குறிக்கும் ‘ஃபெல்’லும், ‘சிட்’டிலிருந்து ‘செட்’டும் அவ்வாறு வந்தவையே. கோணேசர் கோயிலில் கொடி ஏறியது என்றால் ‘ரைஸ்’ வகை. கொடியை ஏற்றினார்கள் என்றால் ‘ரெய்ஸ்’ வகை. வாக்கியத்தைப் பார்த்து ‘எதை?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்கு விடை வந்தால் ‘லே’, வராவிட்டால் ‘லை’. அதன் பின்னரே காலத்தைப் பார்க்க வேண்டும்.

சீனக்குடாவிலிருந்து ஒருவர்:
ஐயா கூறிய ‘எதை?’ என்னும் சோதனையை நானும் ஏற்கிறேன். அகராதிப் பொருளை மட்டும் நம்புவதுதான் ஆபத்து. முட்டை இடுதல், அத்திவாரம் இடுதல், தண்டவாளம் போடுதல், மேசையில் சாப்பாட்டுக்குத் தட்டுகளை ஒழுங்குபடுத்துதல் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘லே’தான் வரும், இவற்றில் ஒன்றையேனும் நாம் ‘கிடத்து’ என்று சொல்வதில்லை. மறுபுறம், துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது என்று நாம் சொல்லுமிடத்தில் ஆங்கிலேயர் ‘லை’ என்பார்கள். திருகோணமலை கிழக்குக் கரையில் அமைந்திருக்கிறது என்பதற்கும் அதே சொல்தான். 1942 ஏப்ரலில் இங்கிருந்து புறப்பட்டு, 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ‘ஹேர்மெஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் இன்று மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் இருப்பதை எழுதினால் ‘லைஸ்’. புறப்படுமுன் நம் துறைமுகத்தில் நின்றதை எழுதினால் ‘லே’. இரண்டிலும் ‘எதை?’ என்ற கேள்விக்கு விடை இல்லை.

பொய் சொல்லுதலைக் குறிக்கும் ‘லை’ வேறொரு வினை. அதன் இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் ‘லைட்’ என்பதால் ‘லெய்ட்’ என்பதோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உவர்மலை வாசகி:
இருவருக்கும் நன்றி. மகள் பத்து வாக்கியங்களை இம்முறையில் செய்து பார்த்தாள். ‘லெய்ன்’ வரும் இடத்தில் மட்டும் இன்னும் தயங்குகிறாள். சம்பள உயர்வுக்குச் சில புத்தகங்களில் ‘ரைஸ்’ என்றும் சிலவற்றில் ‘ரெய்ஸ்’ என்றும் இருக்கிறது. அதில் எது சரி?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அங்கே அது வினையாக நிற்கவில்லை, பெயர்ச்சொல்லாக நிற்கிறது. பிரித்தானியர் ‘பே ரைஸ்’ என்பார்கள். அமெரிக்கர் ‘ரெய்ஸ்’ என்பார்கள். நம் பாடத்திட்டம் பிரித்தானிய வழக்கைத் தழுவியது என்பதால் மகள் ‘ரைஸ்’ என்றே எழுதட்டும். ‘லெய்ன்’ என்பதைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் அதைத் தவிர்த்து ‘லெய்ட்’ என்று சொல்லிவிடுவதுண்டு. பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்காது. ‘ஹேட்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் ‘எதை?’ என்று கேட்டு, விடை இல்லையென்றால் ‘லெய்ன்’ என்று எழுதப் பழக்குங்கள்.