கடலூர் பக்கம் சிறுதொழில் செய்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். பண்ருட்டி அருகே முந்திரி உடைத்துப் பருப்பெடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். சீசனில் கொட்டையை ரொக்கம் கொடுத்து வாங்கிக் காயவைத்துச் சேமிக்க வேண்டும். பருப்பு வாங்கும் வியாபாரிகளோ மாதக்கணக்கில் கடன் சொல்கிறார்கள். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இருக்கிறது. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டமும் சொல்கிறது, சரி. அதைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா? ஆடிட்டருக்கு இந்த வியாபாரச் சிக்கல் தெரியாது. வீட்டில் சொன்னால் பயப்படுகிறார்கள்.

இதே தொழிலில் அடிபட்டு நிமிர்ந்த அண்ணன், அக்கா யாராவது மாதம் ஒருமுறை பேச நேரம் தருவீர்களா? அப்புறம், நாலைந்து பேர் சேர்ந்தால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்து வரவு செலவை மனம்விட்டுப் பேசலாம். பேக்கரி, லேத் பட்டறை என்று வேறு தொழிலாக இருந்தாலும் வாருங்கள். எந்த ஞாயிறு தோதுப்படும் என்று சொல்லுங்கள்.