தடிச்ச கேஸ்கெட் போடலாமா? – ‘மாமா வீட்டுக் கூட்டம்’ குழு

கார்த்தி, மாலை 6:12
மாமா, சூடேறி சிலிண்டர்ல தண்ணி எறங்கின அந்த ஸ்விஃப்ட் டீசலோட ஹெட் (எஞ்சின் மேல்பகுதி) லேத்துல இருந்து வந்துடுச்சு. ஃபேஸிங்ல, அதாவது அடிப்பக்கத்தைச் சீவி மட்டம் பண்ணதுல, 0.15 மில்லிமீட்டர் எடுத்திருக்காங்க. ஹெட்டுக்கும் கீழ இருக்கற சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவுல வைக்கற கேஸ்கெட் கடைல மூணு தடிமன்ல இருக்கு, ஓரத்து வெட்டை (நாட்ச்) வெச்சு அடையாளம்: நாட்ச் இல்லாதது, ஒரு நாட்ச், ரெண்டு நாட்ச். “ஹெட்ல எடுத்தாச்சு, டர்போ வண்டி வேற, இருக்கறதுலயே தடிச்சதைப் போடுங்க”ங்கறாரு கடைக்காரரு. வாங்கிடவா?

செல்வம் மாமா, 6:15
வேண்டாம், இரு. பிளாக்ல கை வெச்சீங்களா? பிஸ்டன், அதைத் தாங்கற கனெக்டிங் ராடு எதாவது மாத்தினீங்களா?

கார்த்தி, 6:15
இல்ல மாமா. ஹெட் மட்டும்தான் இறக்கினோம்.

செல்வம் மாமா, 6:19
அப்ப ஹெட்ல எடுத்த 0.15க்கும் கேஸ்கெட் தடிமனுக்கும் சம்பந்தமே இல்ல. இது டைரக்ட் இன்ஜெக்ஷன் டீசல். எரியற குழி பிஸ்டன் தலைல இருக்கு, ஹெட் அடிப்பக்கம் தட்டை. தட்டைல 0.15 எடுத்தாலும் தட்டைதான். கம்ப்ரஷன், அதாவது காத்து எத்தனை மடங்கு அமுங்குதுங்கறது, பெருசா மாறாது. பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு மேல எவ்வளவு எட்டிப் பாக்குதுங்கறதுதான் கணக்கு. அதுக்குத்தான் கம்பெனி மூணு தடிமன் வெச்சிருக்கான்.

பிரவீன், 6:21
அப்பா, டர்போவுக்கு தடியா இருந்தா நல்லா தாங்காதா?

செல்வம் மாமா, 6:26
தாங்கறது தடிமன் இல்லடா. ஸ்டீல் தகடு அடுக்கின கேஸ்கெட்ல கேஸைப் பிடிக்கறது மேல், கீழ் தகட்டுல வயல் வரம்பு மாதிரி எழும்பியிருக்கற மேடு. அதை அமுக்கறது ஹெட் போல்ட். தடிச்சதுல நடுத் தகடு மட்டும்தான் தடிப்பம், அந்த மேடு அதேதான். டர்போ அழுத்தத்துக்கு கேஸ்கெட் ஊதுச்சுன்னா போல்ட் இழுவை போயிருக்கும், இல்ல மட்டம் கோணலா இருக்கும்.

நஷ்டத்தையும் பாரு. 1248 சிசி, ஒரு சிலிண்டருக்கு 312. கம்ப்ரஷன் 17.6னா மேல மிஞ்சற இடம் வெறும் 18.8 சிசி. கேஸ்கெட் 0.1 மில்லி கூடினா சுமார் 0.4 சிசி சேரும். 17.6 வந்து 17.3 பக்கம் ஆயிடும். 0.2 கூடினா 16.9. காலைல ஸ்டார்ட் ஆக இழுக்கும், வெள்ளைப் புகை தள்ளும், குளிர்ல தட்டும். அப்புறம் குளோ பிளக்கையும் இன்ஜெக்டரையும் மாத்திக்கிட்டு உக்காந்திருப்பீங்க.

தேவி அத்தை, 6:27
ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு யாராவது சொல்றீங்களா

பாபு, 6:31
நாங்க நாலு பேர் சித்தி.

சித்தப்பா சொல்றது சரி கார்த்தி, ஆனா அந்த 0.15 வேற இடத்துல கடிக்கும். ஹெட்ல மட்டம் எறங்கினா வால்வ் தலை பிஸ்டனுக்குக் கிட்ட வந்துடும். ஒவ்வொரு வால்வும் ஹெட் மட்டத்துல இருந்து எவ்வளவு உள்ள இருக்குனு டெப்த் கேஜ்ல பாக்கச் சொல்லு. மேனுவல்ல இருக்கற அளவுக்குக் குறைஞ்சா வால்வ் உக்கார்ற சீட்டை வெட்டி வால்வை உள்ள எறக்கணும். இன்ஜெக்டர் நுனியும் அதே 0.15 கீழ நீட்டும். அடில இருக்கற செப்பு வாஷர் சரியான தடிமனானு பாரு, பழசைத் திருப்பிப் போடாதே. இதையெல்லாம் தடிச்ச கேஸ்கெட் வெச்சு மறைக்கறது வேலை இல்ல.

கார்த்தி, 6:33
சரி மச்சான். ஃபினிஷிங் கண்ணாடி மாதிரி இல்ல, விரல் வெச்சா லேசா கோடு தட்டுது.

பாபு, 6:36
அது ஆகாது. ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள்ள இருக்கணும். நகத்தை ஓட்டிப் பாரு, மாட்டினா திருப்பிக் குடுத்து மெல்லிசா ஒரு கட் எடுக்கச் சொல்லு. அதுக்கப்புறம் வால்வ் அளவை மறுபடி பாக்கணும். பழைய காம்போசிட் கேஸ்கெட்னா அந்தக் கோட்டை மென்னு முழுங்கிடும், இது முழுங்காது. சூடேறின ஹெட் வேற, பிரஷர் டெஸ்ட் போட்டாங்களா?

கார்த்தி, 6:37
போட்டாச்சு, விரிசல் இல்ல.

பிரவீன், 6:40
அண்ணா, அப்ப நம்ம பெட்ரோல் எஸ்டீம் காருக்கு டர்போ போட்டா? எல்லாரும் 2 மில்லி கேஸ்கெட் போட்டு கம்ப்ரஷனைக் குறைக்கச் சொல்றாங்களே.

பாபு, 6:47
பெட்ரோல்ல குழி ஹெட்ல இருக்கு, கதை வேற. அங்க ஃபேஸிங் பண்ணா கம்ப்ரஷன் ஏறும், அதை ஈடுகட்ட தடிச்ச கேஸ்கெட் நியாயம்தான். பிஎம்டபிள்யூ சில பெட்ரோல் எஞ்சினுக்கு 0.3 கூடுதல் கேஸ்கெட் அதுக்குன்னே வருது.

டர்போவுக்குக் குறைக்கணும்னா கணக்கு போடு. சிலிண்டர் விட்டம் (போர்) 74, பிஸ்டன் ஏறி எறங்கற தூரம் (ஸ்ட்ரோக்) 75.5, ஒரு சிலிண்டர் 325 சிசி. கம்ப்ரஷன் 9.5னு வெச்சா மேல 38 சிசி. 1.2ல இருந்து 2 மில்லிக்குப் போனா 3.5 சிசி சேரும், 8.8க்கு வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிஸ்டன் ஓரமும் ஹெட்டும் நெருங்கி கலவையைப் பிதுக்கற இடைவெளி 0.8 கூடிப்போச்சு. அது 1 மில்லி பக்கம் இருந்தாத்தான் கலவை சுழலும், ஓரத்துல தேங்காது. அதை அகலப்படுத்திட்டா 8.8லயும் நாக் (கலவை தானா வெடிச்சுத் தட்டறது) வரும். நாக் வராம இருக்கத்தானே குறைச்சோம்? ஹெட் மேல ஏறினதால கேம் டைமிங்கும் (வால்வ் திறக்கற நேரம்) ஒண்ணு ரெண்டு டிகிரி முன்னாடி போயிடும், புல்லில திருத்தணும். குழி வெட்டின பிஸ்டன் போட்டு, கேஸ்கெட்டை ஒரிஜினல் தடிமன்லயே விடு. செலவு கூடத்தான்.

செல்வம் மாமா, 6:49
ரெண்டு கேஸ்கெட்டை ஒண்ணு மேல ஒண்ணு வெக்கற யோசனை யாருக்காவது இருந்தா இங்க கேக்காதீங்க 🙏

கார்த்தி, பிஸ்டனைச் சுத்தம் பண்ணி அளவு எடுத்து அனுப்பு. கரியைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்ல எடு. டிரில்லுல மாட்டற எமரி வட்டு வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் ஆயில்ல கலந்து பேரிங்கைத் தின்னுடும். டயல் கேஜை மேக்னெட் ஸ்டாண்டுல மாட்டி, பிளாக் மட்டத்துல ஜீரோ வை. பிஸ்டன் தலைல பின் போற நேர்கோட்டுல ரெண்டு பக்கமும் வெச்சு, மேல் உச்சில ரெண்டு ரீடிங் எடுத்து சராசரி போடு. வேற இடத்துல வெச்சா பிஸ்டன் ஆடற ஆட்டமும் சேந்து வரும். நாலுலயும் அதிகமா வர்றது எதுவோ அதுக்குத்தான் கேஸ்கெட். பழைய கேஸ்கெட்ல எத்தனை நாட்ச்னும் பாரு.

கார்த்தி, இரவு 8:22
பழசுல ஒரு நாட்ச் மாமா.
1: 0.17
2: 0.19
3: 0.05
4: 0.18
மூணாவதை மூணு தடவை பாத்துட்டேன், அதேதான் வருது.

செல்வம் மாமா, 8:24
தண்ணி எந்த சிலிண்டர்ல எறங்கியிருந்துச்சு?

கார்த்தி, 8:24
மூணாவதுலதான்.

பாபு, 8:26
ராடு வளைஞ்சிருக்கு. தண்ணி நிக்கும்போது செல்ஃப் அடிச்சிருக்காங்க. தண்ணி அமுங்காது, ராடு அமுங்கிடுச்சு.

செல்வம் மாமா, 8:31
ஆமா. இதைப் பாக்காம ஹெட்டை ஏத்தியிருந்தா ஓடியிருக்கும், கொஞ்ச நாள்ல ராடு பிளாக்கைத் துளைச்சுட்டு வெளிய வந்திருக்கும். கேஸ்கெட் வாங்கறதை நிறுத்து. ராடு மாத்தி, மூணாவதை மறுபடி அளந்து, நாலும் கிட்டக்கிட்ட வந்த பிறகு மேனுவல் டேபிளைப் பாத்து எடுத்துக்கலாம்.

ஹெட் போல்ட் புது செட் சொல்லிடு, இழுபட்ட போல்ட் ரெண்டாவது தடவை அதே பிடி தராது. பிளாக்ல போல்ட் குழியை ஏர் அடிச்சுக் காய வை. அடில ஆயிலோ தண்ணியோ நின்னா போல்ட் முறுக்கும்போது பிளாக்கே வெடிச்சுடும்.

கார்த்தி, 8:33
சரி மாமா. நாளைக்கு சம்ப்பை (அடில இருக்கற ஆயில் தட்டு) கழட்டிடறேன்.

பாபு, 8:35
கழட்டறதுக்கு முன்னாடி ராடுலயும் கேப்புலயும் நம்பர் போட்டுக்கோ, பிஸ்டன் எந்தப் பக்கம் பாத்துச்சுனு ஒரு போட்டோ எடு. பேரிங் ஓடுகளைத் தூக்கிப் போடாம அந்தந்த ராடோடயே கொண்டு வா, மூணாவது ஓடு எந்த ஓரம் தேஞ்சிருக்குனு பாத்தா எந்தப் பக்கம் வளைஞ்சுதுனு தெரிஞ்சுடும்.