பள்ளியில் பேசுவது நான், பதில் மட்டும் கணவருக்கு: பெர்லினில் யாரிடம் முறையிடுவது?

மலைக்கோட்டை:

பெர்லினில் வசிக்கிறோம். மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில் எல்லாமே ஆங்கிலம். அதனால் அவருடைய ஜெர்மன் கடைகண்ணியைத் தாண்டாது. நான் ஜெர்மனில் பி2 என்னும் மேல் இடைநிலைத் தேர்வு முடித்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் கடிதம், மருத்துவர், பள்ளி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது நான்தான்.

கணக்கு வகுப்பு நடக்கும் நேரத்தில் மகளை வேறு அறைக்கு அழைத்துப் போய்க் கூடுதல் ஜெர்மன் பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சி அவளுக்குத் தேவை, அதை நான் மறுக்கவில்லை. கணக்கு நேரத்தில் வேண்டாம் என்று மட்டுமே கேட்கிறேன். ஊரில் பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பித்தவள் நான். கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளை வகுப்பில் இல்லையென்றால், அடுத்து வருவது எப்படிப் புரியும்?

இதைப் பேச இருவரும் போனோம். நான் ஜெர்மனில் கேட்கிறேன், தலைமை ஆசிரியர் என் கணவரைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். “என் மனைவியிடம் சொல்லுங்கள்” என்று அவர் சொன்ன பிறகும் மாறவில்லை. “உங்கள் கலாச்சாரத்தில் இவை அப்பா எடுக்கும் முடிவுகள் என்று தெரியும், அதை மதிக்கிறோம்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கலாச்சாரத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே இவர் எப்படி முடிவு செய்தார்?

பிறகு சந்திப்புக் குறிப்பு வீட்டுக்கு வந்தது. அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். கணவர் பெயருக்கு நேரே, ‘இங்கே கையெழுத்திடுங்கள்’ என்பதற்காகப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. நான் கேட்ட கோரிக்கையும் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் மகளின் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் கணவர் பெயர் இருக்கிறது. கணவருக்கு அந்த இடத்தில் மாமனார் பெயர், எனக்கு என் அப்பா பெயர். நம் ஊரில் பல வீடுகளில் இப்படித்தானே? மூவருக்கும் மூன்று பெயர் இருந்தும், ‘நீங்கள்தான் தாய் என்பதற்குச் சான்று’ என்று அலுவலகத்தில் கேட்டது என்னிடம் மட்டும்தான். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முறையிட்டால் அந்தக் கோபத்தை மகளிடம் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கணவரோ, “நானே போய்ப் பேசி முடித்துவிடுகிறேன்” என்கிறார். அப்படி முடிந்தால் அவர்கள் நினைத்ததே சரி என்றாகிவிடாதா?

நெடுந்தீவு:

தங்கச்சி, நான் எண்பதுகளில் சிறு பிள்ளையாக இங்கே வந்தவள். என் அம்மாவுக்காகப் பள்ளியில் மொழிபெயர்த்ததும் நான்தான். அம்மா கேட்கும் கேள்விக்கு ஆசிரியர்கள் என்னைப் பார்த்தே பதில் சொல்வார்கள். அம்மா எதிரிலேயே இருப்பார். அது இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது. ஆகவே விட்டுவிடாதீர்கள்.

முதலில் எழுத்தில் கொண்டுவாருங்கள். இன்ன தேதிச் சந்திப்பில் நான் இதைக் கேட்டேன், குறிப்பில் அது விடுபட்டிருக்கிறது, சேர்த்துத் திருத்தித் தாருங்கள் என்று தலைமை ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 1629ஆம் பிரிவுப்படி பெற்றோர் இருவரும் சேர்ந்தே பிள்ளையின் பிரதிநிதிகள். அந்த எண்ணையும் குறிப்பிடுங்கள்.

பலரும் 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டத்தைக் காட்டுவார்கள். அது வேலை, வாடகை வீடு, கடை போன்றவற்றுக்கானது. அரசுப் பள்ளியின் நடவடிக்கைக்கு அது கைகொடுக்காது. ஆனால் பெர்லினுக்கென்று 2020இல் பாகுபாட்டுக்கு எதிரான ஒரு தனிச் சட்டம் வந்தது, ஜெர்மன் பெயரின் சுருக்கம் எல்ஏடிஜி. பாலினம், இனம், மொழி காரணமாக மாநில அரசின் அலுவலகமோ பள்ளியோ ஒருவரைத் தாழ்த்தி நடத்தினால் அதன்கீழ் முறையிடலாம். அதற்கென்றே குறைதீர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஸ்டுட்கார்ட் அப்பா:

ஆங்கிலத்துக்கு மாறியது உபசாரமாகவும் இருந்திருக்கலாம். இங்கே என்னிடமும் அப்படிப் பேசுகிறார்கள். ஆனால் கலாச்சாரம் என்ற பேச்சும் பென்சில் குறியும் உபசாரத்தில் சேராது. உங்கள் கணவர் தன் பெயரில் ஒரு கடிதம் கொடுத்தால் என்ன? பள்ளி விஷயங்களில் மனைவி சொல்வதுதான் எங்கள் முடிவு என்று ஒரே வரி போதும். வேலை சீக்கிரம் முடியும்.

கரும்பலகை:

அந்தக் கடிதம் வேண்டாம் சகோதரரே. தாய் பேசுவதற்குத் தந்தை அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்ததாக அது கோப்பில் ஏறிவிடும்.

நான் இங்கே பள்ளி ஆசிரியை. அந்தத் தலைமை ஆசிரியருக்கு அவர் நாட்டு வரலாற்றையே நினைவூட்டலாம். ஆணும் பெண்ணும் சமம் என்று 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், அதாவது ஜெர்மன் அரசியலமைப்பு, சொன்னது. ஆனாலும் 1958இல் நடைமுறைக்கு வந்த சமவுரிமைச் சட்டம், பிள்ளை விஷயத்தில் பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால் தந்தையின் சொல்லே இறுதி என்று வைத்திருந்தது. அது செல்லாது என்று 1959இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் தாய்க்குச் சம உரிமை கிடைத்தது. அப்பா முடிவெடுப்பது ஏதோ உங்கள் ஊரிலிருந்து நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த வழக்கம் என்று அவர் பேசுவதை ஏற்க வேண்டியதில்லை.

கணக்கு நேரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். மொழிப் பயிற்சியை எந்தப் பாடவேளையில் வைப்பது என்பது பள்ளி நினைத்தால் மாற்றக்கூடிய ஏற்பாடுதான். வகுப்பின் பெற்றோர் பிரதிநிதி ஒருவரை அடுத்த சந்திப்புக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மலைக்கோட்டை:

எல்லாருக்கும் நன்றி. கணவரிடம் இதை வாசித்துக் காட்டினேன். தனியே போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். மின்னஞ்சலை இருவரும் சேர்ந்து அனுப்புகிறோம், என் பெயர் முதலில். நெடுந்தீவு அக்கா, குறைதீர் அலுவலகத்துக்கு இப்போதே எழுதவா, பள்ளியின் பதில் வரும்வரை பொறுக்கவா?

நெடுந்தீவு:

பள்ளிக்கு இரண்டு வாரம் கெடு கொடுங்கள், கடைசித் தேதியை மின்னஞ்சலிலேயே போட்டுவிடுங்கள். அதற்குள் குறைதீர் அலுவலகத்தைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டு வையுங்கள். எழுதிய வரைவை இங்கே போட்டால் ஜெர்மன் பிழை பார்த்துத் தருகிறேன்.